பிரெஞ்சு பின்னல்: கண்ணாடியை விடுங்கள், விரலை நம்புங்கள்

தலைக்குக் குளித்த அன்றே பின்னினால் முடி வழுக்கும், மறுநாள் பின்னுங்கள். புதுச்சேரி கடற்காற்றுக்குப் பிசிறு எழும்பத்தான் செய்யும். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் அடங்கும்.

உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு முடியெடுத்து மூன்று புரியாகப் பிரியுங்கள். வலப்புறப் புரி நடுப்புரி மேல், பிறகு இடப்புறப் புரி. அடுத்த சுற்றிலிருந்து, ஓரப்புரியை நடுவுக்குக் கொண்டுவரும் முன் அதே பக்கத்து முடியில் சுண்டுவிரலால் மெல்லிய கற்றை வழித்து அதோடு சேருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு எடுக்காவிட்டால் பின்னல் கோணும்.

பலருக்குப் பிடரியில்தான் தொங்கிப்போகிறது. கை வலித்ததும் முடியைத் தலையைவிட்டுத் தூக்கிப் பிடிப்பது ஒரு காரணம். விரல் முட்டி மண்டையைத் தொட்டபடியே நகரட்டும். குனிந்து பின்னுவது இன்னொன்று. நிமிர்ந்ததும் அங்கே புடைத்துக்கொள்ளும். தலை நேராக இருக்கட்டும்.

கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவதால் கை தடுமாறும். முடித்தபின் பார்த்தால் போதும். கழுத்துக்குக் கீழே வழக்கமான சடைதான். அதை முன்னால் தோளில் போட்டுப் பின்னி, ரப்பர் பேண்ட் போடுங்கள். கனகாம்பரச் சரம் வைப்பதானால் பின்னலின் மேல்முனையில் குத்துங்கள், நழுவாது.