முள் காட்டாத வண்டி, பம்ப் அடித்தால் பிடிக்கும் பிரேக்: பழைய பிக்கப்பில் நாம் செய்யும் தவறுகள்

“டீசல் முள்ளு வேலை செய்யாது, அது கெடக்கட்டும். பிரேக்கு ரெண்டு தடவ பம்ப் அடிச்சாப் புடிச்சிடும்.” மன்னார்குடிப் பக்கம் பழைய பிக்கப் கைமாறும்போது சாவியோடு சேர்ந்து வருகிற பேச்சு இது. வாங்குகிறவரும் தலையாட்டிவிடுவார். ஒரே வாரத்தில் கால் தானாக இரண்டு முறை மிதிக்கப் பழகிவிடும். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். கோளாறோடு பழகிப்போவதுதான் முதல் தவறு.

மலை இறங்குகிறவர்களுக்கு பிரேக் கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். நம் டெல்டா சமவெளி. மெதுவாக உருட்டியே காலம் தள்ளிவிடலாம். ஆனால் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ சிப்பம் 30 ஏற்றினால் 1,200 கிலோ. வாய்க்கால் கரைத் திருப்பத்தில் மாடு குறுக்கே வந்தால், அந்த எடையோடு இரண்டாவது மிதிக்கு ஏது நேரம்?

முள்ளை முதலில் பார்ப்போம். முள் செத்தால் உடனே மீட்டரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. எனக்கும் மாற்றினார்கள், புது மீட்டரிலும் முள் படுத்தே கிடந்தது. கடைசியில் கோளாறு டேங்கின் எர்த் ஒயரில், அதாவது கரண்ட் பாடிக்குத் திரும்பும் ஒயரில் இருந்தது. சேஸிஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், ஒயர் முனை வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளக்கத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கியதும் முள் எழுந்து நின்றது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்றால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. சாவியைப் போட்டுவிட்டு, டேங்கிலிருந்து வரும் ஒயரை இணைப்பில் கழற்றுங்கள். முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அந்த ஒயரை பாடியில் ஒரு கணம் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு டேங்குக்குள் மிதந்து டீசல் மட்டத்தை அளக்கும் ப்ளோட் யூனிட்டில், அல்லது அதன் எர்த்தில். அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று மேலே போகலாம். டீசல் முள்ளும் இன்ஜின் சூடு காட்டும் ஹீட் முள்ளும் ஒரே நாளில் கெட்டால் இரண்டுக்கும் பொதுவான கரண்ட்டையும் எர்த்தையும் பாருங்கள். டேங்க் திறந்திருக்கும்போது ஒயரைத் தொட்டுப் பார்ப்பதோ, டீசல் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதோ கூடவே கூடாது.

முள் இல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஒருநாள் டீசல் தீர்ந்து நிற்பார்கள். டீசல் வண்டியில் ஊற்றினால் மட்டும் போதாது, லைனில் ஏறிய காற்றையும் எடுக்க வேண்டும். டேங்க் அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் ஃபில்டருக்கு வந்திருக்கும், அதையும் வடியுங்கள்.

இனி பிரேக். பம்ப் அடித்தால் பிடிக்கிறது என்றால், அடித்த பிறகு பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பு போய்விட்டது. இறங்காமல் நின்றால் பின்சக்கர டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், அல்லது லைனில் காற்று. பெடல் கல்லாக இருந்தால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் அதன் வேக்குவம் ஹோஸையும் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது.

நான் பார்த்ததிலேயே மோசமான தவறு, பிரேக் ஆயில் குறைந்ததும் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது. நாம் ‘ஆயில்’ என்று சொல்லிப் பழகியதால் வந்த வினை. பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் வகையே இல்லை. இன்ஜின் ஆயிலோ டீசலோ பட்டால் பிரேக் கப்புகள் ஊதிப்போகும். பிறகு லைன் முழுக்கக் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். டீசலில் கப்பு கழுவுவதும் இதே தவறுதான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபினுக்குள் திறந்து கிடந்த டப்பாவை மறுபடி ஊற்றாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது. மூட்டை கூடுதலாக ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்ப்போம். பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு கம்பி இணைத்த ஒரு வால்வு இருக்கிறது. லோடு ஏறி பாடி எவ்வளவு தாழ்கிறதோ, அதை வைத்துத்தான் அது பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தம் தருகிறது. பட்டை சேர்த்தால் பாடி தாழாது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு, லோடு இருக்கும்போதே பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த வால்வை மறுபடி செட் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள். கம்பியைக் கழற்றித் தொங்கவிடுவது தீர்வே அல்ல.

சேறு ஒட்டிய வண்டியில் பிரேக் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் துடைத்துப் பாருங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால், மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக மிதித்து டிரம்மைக் காயவிடுங்கள். வண்டல் உள்ளே போயிருந்தால் டிரம்மைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.