டியூஷன் சென்டருக்கு வார அட்டவணை: எந்த வேளையில் எத்தனை இடம் காலி என்று கூகுள் ஷீட்ஸில் கணக்கிடும் முறை

கடந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, 24 பேர் அமர வேண்டிய எங்கள் மாடி ஹாலில் 33 மாணவர்கள் இருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் பிழை எதுவும் தெரியவில்லை. அந்த பேட்சில் 22 பேர்தான். மழைக்காக மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த வியாழக்கிழமையன்று வகுப்பை இழந்த இன்னொரு பேட்சின் மாணவர்களை, "செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள்" என்று நானும் கணித ஆசிரியரும் தனித்தனியே அழைத்திருந்தோம். யார் எத்தனை பேரை அழைத்தோம் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெஞ்சின் விளிம்பில் பாதி உட்கார்ந்தபடி, டெஸ்க்கில் இடமில்லாமல் நோட்டை மடியில் வைத்து, வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தாள். காம்பஸின் முனை ஒவ்வொரு முறையும் தாளைக் கிழித்தது. மாதாமாதம் கட்டணம் செலுத்தும் ஒரு பிள்ளைக்கு உட்கார இடம் தர முடியாத நிலை மறுபடியும் வரக் கூடாது என்று அன்றிரவே இந்த அட்டவணையை எழுதத் தொடங்கினேன்.

எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு ஹால்கள், ஒன்பது பேட்சுகள், ஏறத்தாழ 110 மாணவர்கள் கொண்ட மையம். இதே அளவுள்ள மையம் நடத்துபவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். கூகுள் ஷீட்ஸில் புதிய கோப்பு திறப்பதும் தாள் சேர்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படி: ஹாலை அளந்து இருக்கை எண்ணிக்கையை முடிவு செய்தல்

கணினியைத் தொடுவதற்கு முன் அளவு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடி ஹால் 20 அடி நீளம், 14 அடி அகலம். கரும்பலகைக்கும் ஆசிரியருக்கும் முன்னால் 5 அடி விட்டு, நடுவில் நான்கு அடி வழியும் விட்டால், ஐந்து அடி பெஞ்சுகளை இரண்டு பக்கமும் ஐந்தைந்து வரிசையாகப் போடலாம். பெஞ்சுக்கு மூவர் என்றால் 30 பேர் அமரலாம் என்பது மரச்சாமான் சொல்லும் கணக்கு.

பரப்பளவு வேறு கணக்கைச் சொல்கிறது. ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வகுப்பு நேரத்தில் ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. அவை 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், சிறிய மையங்களும் இந்த அளவைப் பின்பற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. 280 சதுர அடி என்பது 26 சதுர மீட்டர். ஆகவே 26 பேர். அதிலும் இரண்டு இடங்களை, தவறிய வகுப்புக்கு ஈடாக வரும் மாணவர்களுக்கு ஒதுக்கி, வழக்கமான சேர்க்கையை 24-இல் நிறுத்தினேன். இந்த எண்ணை முடிவு செய்தபின், தெரிந்தவர் வந்து "என் பையன் ஒருவன்தானே" என்று கேட்டாலும் மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று தாள்கள்

நான் முன்பு செய்த தவறு, மாணவர் ஒருவருக்கு ஒரு வரிசை கொடுத்து, அதற்கு எதிரே திங்கள் முதல் ஞாயிறு வரை நெடுவரிசைகள் போட்டு டிக் அடித்தது. கணிதமும் இயற்பியலும் படிக்கும் பிளஸ் டூ மாணவருக்கு ஒரே நாளில் இரண்டு வகுப்புகள் வரும்போது அந்த டிக் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. எண்ணிக்கை அங்கேயே குழம்பிவிடும். இருக்கை என்பது ஒரு குறிப்பிட்ட ஹாலில் ஒரு குறிப்பிட்ட வேளைக்கு உரியது. "பத்தாம் வகுப்பில் இடம் இருக்கிறதா" என்று பெற்றோர் கேட்கும்போது, "செவ்வாய் மாலை மாடி ஹாலில் இடம் இருக்கிறதா" என்றுதான் நாம் தேட வேண்டும். அதற்கு ஏற்றபடி தாள்களைப் பிரிக்க வேண்டும்.

"வேளை" என்ற தாளில் ஒரு வரிசைக்கு ஒரு வகுப்பு: கிழமை, ஹால், தொடக்கம், முடிவு, பேட்ச், இருக்கைகள். வாரத்தில் மூன்று நாள் நடக்கும் பேட்சுக்கு மூன்று வரிசைகள் வரும்.

"பதிவு" என்ற தாளில் ஒரு வரிசைக்கு ஒரு மாணவரும் ஒரு பேட்சும்: மாணவர் எண், பெயர், பெற்றோரின் கைபேசி எண், பேட்ச், சேர்ந்த தேதி, நிலை. இரண்டு பாடம் படிப்பவர் இரண்டு வரிசைகளில் இருப்பார். அது வீண் வேலை போலத் தோன்றினாலும் இந்த முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நிலை என்பதில் "நடப்பு", "காத்திருப்பு", "நின்றவர்" ஆகிய மூன்று சொற்கள் மட்டுமே வர வேண்டும். நின்றுபோன மாணவரின் வரிசையை அழிக்காதீர்கள். நிலையை மாற்றினால் போதும், இடம் தானாகக் காலியாகும்.

"ஈடு" என்ற மூன்றாம் தாளில், தவறிய வகுப்புக்காக வேறு பேட்சில் வந்து உட்காருபவர்களைத் தேதியோடு எழுதுங்கள். எங்களை நவம்பரில் தடுமாற வைத்தது இந்தத் தாள் இல்லாததுதான்.

பேட்சின் பெயரை "10கணி1", "12இயற்1" என்பது போலச் சுருக்கமான குறியீடாக வைத்து, எல்லாத் தாள்களிலும் டேட்டா வேலிடேஷன் (கட்டத்தில் எதை எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) மூலம் டிராப்டவுன் பட்டியலாக அமைத்துவிடுங்கள். கையால் தட்டச்சு செய்ய இடம் கொடுத்தால், சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஓர் இடைவெளிகூட அதை வேறு பேட்ச் ஆக்கிவிடும்.

மூன்றாம் படி: நேரத்தை நேரமாகவே எழுதுதல்

இந்த இடத்தில்தான் நான் இரண்டு இரவுகளை இழந்தேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாலை ஐந்தரை மணியை நாம் 5.30 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அப்படித் தட்டச்சு செய்தால் ஷீட்ஸ் அதை ஒரு சாதாரண தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசிச் சுழியத்தை நீக்கி 5.3 என்று காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. 5.45-க்குத் தொடங்கி 7.15-க்கு முடியும் வகுப்பு ஒன்றரை மணி நேரம். ஆனால் கழித்தலின் விடை 1.7 என்று வரும். மணிக்கு நூறு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது.

சரி, முக்காற்புள்ளி வைத்து 5:30 என்று எழுதினேன். இப்போது அது நேரம்தான், ஆனால் அதிகாலை ஐந்தரை. சில வரிசைகளில் நான் 17:30 என்றும், ஆசிரியர் தம் கைபேசியிலிருந்து 5:30 என்றும் எழுதியிருந்ததால், ஒரே ஹாலில் ஒரே மாலையில் வைக்கப்பட்ட இரண்டு வகுப்புகள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருப்பதாக அட்டவணை நம்பியது; மோதல் எதையும் அது காட்டவில்லை.

தீர்வு இதுதான். தொடக்கம், முடிவு ஆகிய இரு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் பட்டியலில் நேரம் என்பதைக் கொடுத்து, ஏஎம் பிஎம் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது 17:30 என்று 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். 5:30 பிஎம் என்று கட்டத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு "கால அளவு" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதற்கு டியூரேஷன் வடிவம் கொடுங்கள். எங்கள் வகுப்புகள் எல்லாம் ஒன்றரை மணி நேரம். ஆகவே 1:30 என்ற விடைகளுக்கு நடுவே 13:30 என்று ஒன்று தெரிந்தால், அங்கே யாரோ காலையையும் மாலையையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே புரிந்துவிடும்.

நான்காம் படி: எண்ணிக்கையும் மோதலும்

"வேளை" தாளில் "நிரம்பியது" என்ற நெடுவரிசையில் கவுண்டிஃப்ஸ் (COUNTIFS) சூத்திரத்தைப் போடுங்கள்; கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரிசைகளை அது எண்ணித் தரும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: "பதிவு" தாளின் பேட்ச் நெடுவரிசையில் இந்த வரிசையின் பேட்ச் குறியீடு இருக்க வேண்டும், அதே தாளின் நிலை நெடுவரிசையில் "நடப்பு" என்று இருக்க வேண்டும். எல்லையாக முழு நெடுவரிசையையும் கொடுங்கள். இரண்டாம் வரிசை முதல் நூறாம் வரிசை வரை என்று கொடுத்துக் கீழே இழுத்தால், எல்லையும் கூடவே நகர்ந்து மேலே உள்ள மாணவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப்போவார்கள். இருக்கைகளிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் "காலி" கிடைக்கும். காலி சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அமைப்பது ஐந்து நிமிட வேலை.

மோதலுக்கும் அதே கவுண்டிஃப்ஸ்தான். கிழமை ஒன்றாகவும், ஹால் ஒன்றாகவும், அந்த வகுப்பின் தொடக்கம் இந்த வகுப்பின் முடிவுக்கு முன்பாகவும், அதன் முடிவு இந்த வகுப்பின் தொடக்கத்துக்குப் பின்பாகவும் உள்ள வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகுப்பும் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும். ஆகவே விடை 1 என்றால் மோதல் இல்லை, 2 அல்லது அதற்கு மேல் என்றால் மோதல். "வேளை" தாளில் ஆசிரியர் என்று ஒரு நெடுவரிசையும் சேர்த்து, ஹாலுக்குப் பதிலாக அதை வைத்து இன்னொரு முறை எழுதினால், ஒரே ஆசிரியர் இரண்டு ஹால்களில் இருக்க வேண்டிய நிலையும் தெரிந்துவிடும்.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம் விடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் மாடிப்படியின் அகலம் மூன்று அடி. ஒரு பேட்ச் இறங்கும்போதே அடுத்த பேட்ச் ஏறினால், கிட்டத்தட்ட ஐம்பது பிள்ளைகள் புத்தகப் பையோடு அந்த மூன்றடிக்குள் எதிரெதிரே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளித் தீ விபத்தில் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் மாடியில் வகுப்பு நடத்தும் யாரும் படிக்கட்டை மறந்துவிட்டு அட்டவணை போடக் கூடாது. முடிவு நெடுவரிசையில் வகுப்பு முடியும் நேரத்தை எழுதாமல் ஹால் காலியாகும் நேரத்தை எழுதினால், இந்த இடைவெளி தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். அப்படிச் செய்தால் கால அளவு 1:45 என்று வரும்; எல்லா வரிசைகளிலும் ஒன்றுபோல் வந்தால் சரிதான்.

ஐந்தாம் படி: ஈடு வகுப்புகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதுதான் மிகுதியாகப் பயன்படும். ஈடு வகுப்புக்கு யாரையும் வாய்மொழியாக அழைப்பதில்லை என்று எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். "ஈடு" தாளில் தேதியையும் அவர் சென்று அமரப்போகும் பேட்சையும் எழுதினால், அந்தத் தேதிக்கும் பேட்சுக்கும் ஏற்கெனவே எத்தனை பேர் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டத்தில் கவுண்டிஃப்ஸ் சொல்லும். ஒதுக்கிய இரண்டு இடங்களோடு "காலி"யில் உள்ள இடங்களும் சேர்ந்ததுதான் வரம்பு. அது நிரம்பிவிட்டால் அடுத்த தேதி. ஒரு பேட்ச் முழுவதற்கும் வகுப்பு தவறியிருந்தால் இந்த வழியில் முயலாதீர்கள். ஞாயிறு காலை தனி வேளையாகப் போட்டுவிடுவதே நல்லது.

கருவிகளைப் பற்றி

மாதக் கட்டணச் செயலிகள் இரண்டைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். இந்த அளவுள்ள மையத்துக்கு அவை தேவையில்லை என்பது என் முடிவு. ஈடு வகுப்பை அவற்றில் எழுதுவது நோட்டில் எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. கூகுள் கேலண்டர் நேரத்தை அழகாகக் காட்டும், ஆனால் இருக்கையை எண்ணாது. ஒரே கணினியில் இருக்கும் எக்ஸெல் கோப்பும் வேண்டாம். ஆசிரியர்கள் கைபேசியிலிருந்தே மாற்றங்களை எழுத முடிந்தால்தான் அட்டவணை அன்றன்றைக்குச் சரியாக இருக்கும். சுவரில் ஒட்ட ஏ4 தாளில் ஓர் அச்சுப் பிரதியும் அவசியம்.

பின்சேர்க்கை

இதைப் படித்து முயன்று பார்த்தவர்கள் எழுதியதிலிருந்து மூன்று திருத்தங்கள்.

ஒரு வாசகருக்கு "பொருளியல்" பேட்ச் மட்டும் எப்போதும் சுழியம் என்று வந்தது. தமிழில் "பொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிய முடியும்: ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; ஒப்பிடும் சூத்திரத்துக்கு வேறு வேறு. டிராப்டவுனிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது.

இன்னொருவர் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு கார்த்திகாக்கள் படிப்பதாக எழுதினார். மாணவர் எண்ணை நான் அதன்பிறகுதான் சேர்த்தேன். எண் கொடுத்தபின் "பதிவு" தாளை மாணவர் எண் வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரே மாணவர் ஒரே வேளையில் நடக்கும் இரண்டு பேட்சுகளில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவதை உடனே செய்துவிடுங்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் கோப்பின் இணைப்பை அப்படியே பகிர்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். "பதிவு" தாளில் எல்லாருடைய கைபேசி எண்களும் இருக்கின்றன; அந்தத் தாளை மறைத்து வைத்தாலும், கோப்பைத் தமக்குப் பிரதி எடுத்துக்கொள்பவருக்கு அது தெரிந்துவிடும். பகிர்தலை நிறுத்தி, "வேளை" தாளிலிருந்து கிழமையும் நேரமும் பேட்ச் பெயரும் மட்டும் உள்ள பகுதியைப் படமாக எடுத்து அனுப்புங்கள்.