சல்பேற்று ஏற்றிய சிர்க்கோனியா: ஆய்வுகூடத்தில் செய்யும் முறை

நாட்பட்ட இலுப்பெண்ணெயிலும் திரும்பத் திரும்பப் பொரித்த தேங்காயெண்ணெயிலும் கட்டற்ற கொழுப்பமிலம் கூடிப்போயிருக்கும். அதை நேரே காரம் போட்டுப் பயோடீசலாக்கப் போனால் சவர்க்காரம்தான் வரும். முதலில் அந்த அமிலத்தை மெதனோலுடன் சேர்த்து எசுத்தராக்க வேண்டும். அதற்குச் சல்பேற்று ஏற்றிய சிர்க்கோனியா, அதாவது சிர்க்கோனியம் ஒட்சைட்டு, அருமையான திண்ம அமில ஊக்கி. எளிதில் தாக்கம் புரியாத பியூட்டேனையே இது தாக்கம் புரிய வைப்பதை 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹினோவும் அராட்டாவும் காட்டினார்கள்.

புல்மோட்டை மணலில் சிர்க்கோன் இருக்கிறதே என்று அதில் தொடங்க வேண்டாம். அது சிலிக்கேற்று, காரத்துடன் உருக்கித்தான் உடைக்கலாம். சிர்க்கோனியம் ஒட்சிகுளோரைட்டு எண்ணீரேற்று 32.2 கிராம் வாங்குங்கள். அது 0.1 மூல், ஏறத்தாழ 12 கிராம் ஒட்சைட்டு தரும்.

படி 1. அதை 400 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். 25 சதவீத அமோனியாவைச் சம அளவு நீருடன் ஐதாக்கி, கலக்கியபடி துளித்துளியாக விடுங்கள். பி.எச். 9 முதல் 10 வரை வரும்போது நிறுத்துங்கள். ஐதாக்கிய கரைசல் 80 மில்லிலீற்றர் அளவில் செல்லும். வெண்ணிற ஐதரொட்சைட்டு வீழ்படிவை ஓர் இரவு மூடி வையுங்கள்.

படி 2. கழுவுதல். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். யாழ்ப்பாணக் கிணற்று நீரை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். நம் நிலம் சுண்ணாம்புக்கல். நீரில் கல்சியமும் குளோரைட்டும் உண்டு. குளோரைட்டு இருப்பதால் எவ்வளவு கழுவினாலும் கீழே சொல்லும் குளோரைட்டுச் சோதனை முடியாது. கல்சியமோ பின்னர் சல்பேற்றைப் பிடித்து ஜிப்சமாகி ஊக்கிக்குள்ளேயே தங்கிவிடும். காய்ச்சி வடித்த நீராலேயே கழுவி, வடிதிரவத்தில் வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பாருங்கள்; வெண்கலங்கல் வராத வரை கழுவ வேண்டும். அதற்கு முன் ஐதான நைத்திரிக் அமிலம் சில துளி சேர்த்து அமிலமாக்க வேண்டும். அமோனியா மிஞ்சியிருந்தால் வெள்ளிக் குளோரைட்டு அதிலே கரைந்துவிடும். குளோரைட்டு போய்விட்டது என்று ஏமாந்துபோவீர்கள். கழுவக் கழுவ வடிதிரவம் கலங்கலாக வந்தால், வீழ்படிவே கூழ்மமாகி ஓடுகிறது என்று பொருள். கழுவும் நீரில் கொஞ்சம் அமோனியா விட்டால் நின்றுவிடும்.

படி 3. 110 பாகை செல்சியஸில் 12 மணி நேரம் உலர்த்தி மாவாக அரையுங்கள். நிக்கல் போன்ற உலோக ஊக்கியைப் பரப்பி வைக்க வெறும் தாங்கிதான் வேண்டுமென்றால் அடுத்த படியைத் தவிர்த்து 500 பாகையில் சுடுங்கள். சிர்க்கோனியா காரத்தையும் நீராவியையும் நன்றாகத் தாங்கும். அந்த இடத்தில் சிலிக்காவை நம்ப முடியாது.

படி 4. 0.5 மூலர் சல்பூரிக் அமிலம் 200 மில்லிலீற்றருக்குச் செறிந்த அமிலம் 5.6 மில்லிலீற்றர் போதும். அமிலத்தைத்தான் நீருக்குள் விட வேண்டும். ஒரு கிராம் மாவுக்கு 15 மில்லிலீற்றர் விட்டு, ஒரு மணி நேரம் கலக்கி வடியுங்கள். இதன்பின் கழுவக் கூடாது. கழுவினால் ஏற்றிய சல்பேற்று போய்விடும். மீண்டும் 110 பாகையில் உலர்த்துங்கள். முதலிலேயே சுட்டுப் பளிங்கான ஒட்சைட்டில் அமிலம் விட்டால் வலிமையான அமிலத்தன்மை வராது. சுடாத ஐதரொட்சைட்டில்தான் சல்பேற்று சரியாகப் பிணையும்.

படி 5. பீங்கான் புடக்குகையில் மெல்லிய படையாகப் பரப்பி, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றி, 600 பாகையில் 3 மணி நேரம் சுடுங்கள். கந்தக ஒட்சைட்டுகள் வெளிவரும். உலை புகை உறிஞ்சும் கூண்டுக்குள் இருக்கட்டும். சூடு கூடி 650 பாகையைத் தாண்டினால் சல்பேற்று கழன்று போகும், நாற்கோணப் பளிங்கு வடிவமும் ஒற்றைச்சரிவு வடிவமாக மாறத் தொடங்கும். சூடு தணியும்போதே ஈரம் புகாத மூடிய உலர்த்திக்கு மாற்றுங்கள். நம் மாரிகால ஈரத்தில் திறந்து வைத்தால் செயற்பாடு குறையும். 450 பாகையில் மீண்டும் சூடாக்கினால் நீர் போய்விடும்.

எண்ணெய் 100 கிராமுக்கு ஊக்கி 3 கிராம், மெதனோல் 30 மில்லிலீற்றர், 60 பாகை, மேலே பின்னோட்டக் குளிர்த்தி. மணிக்கொரு தடவை மாதிரி எடுத்து, பினோப்தலீன் இட்டு, எஞ்சிய அமிலத்தைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டால் நியமியுங்கள். இரண்டாம் முறை பாவிக்கும்போது வேகம் குறைந்தால், மெதனோல் படையை ஆவியாக்கி, எஞ்சியதை நீரில் கலந்து, அமிலமாக்கிய பேரியம் குளோரைட்டு விடுங்கள். வெண்வீழ்படிவு வந்தால் தாக்கத்தில் உண்டான நீர் சல்பேற்றைக் கழுவிவிட்டது. அந்த ஊக்கிக்கு வெறும் சூடு போதாது, சல்பேற்று புதிதாகவே ஏற்ற வேண்டும்.