போயிலையை விடுவதற்கு முதலில் இடங்களை எழுதுங்கள்

வெற்றிலையோடு போயிலை போடுவதை விட நினைப்பவர்கள் ஒருநாள் முழுக்க எங்கே, எப்போது போடுகிறோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், காலைத் தேத்தண்ணி நேரம், கொழுந்து நிறுக்கும் மடுவம், இராச்சோறு முடிந்து லயத்து வாசல்: அநேகமாக இப்படித்தான் வரும். எத்தனை வாய் என்பதைவிட எந்த இடம் என்பதே முக்கியம்.

போயிலையிலுள்ள நிக்கோட்டின், பழக்கத்தை மூளையில் பதியவைக்கும் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்களைக் கிளப்பிவிடும். சுண்ணாம்பின் காரம் அதை இன்னும் வேகமாகக் கன்னத்தின் உட்தோல் வழியே ஏற்றும். டோபமைன் பாய்வதற்குச் சற்று முன்னர், ஓரிரு செக்கனுக்குள், வேலை செய்த நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன. மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். பழகிய குரங்கின் டோபமைன் சாற்றுக்குப் பாயவில்லை. சாறு வரப்போவதைக் காட்டும் அடையாளத்துக்கே பாய்ந்தது. எதிர்பார்த்த சாறு வராதபோது வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. மடுவத்தில் தராசைக் கண்டதும் வாய் தேடுவது இதனால்தான்.

அந்த இறக்கம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மூளை பழைய கணக்கைத் திருத்துவதே அப்போதுதான். ஒரு சிக்கல்: திருத்தம் அந்தந்த இடத்தோடு ஒட்டியது. வாசலில் அடக்கப் பழகியவருக்குத் தேயிலை மலையில் ஆசை அப்படியே கிளம்பும். ஆகவே எழுதிய ஒவ்வோர் இடத்துக்கும் வழக்கம்போலப் போங்கள். வெற்றிலைப் பையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். இஞ்சித் துண்டோ பெருஞ்சீரகமோ மெல்லுங்கள். ஆசை சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறித் தணியும். பாக்கையும் சேர்த்தே விடுங்கள். அதுவும் அடிமையாக்கும், புற்றுநோயும் தரும்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம்: கோபம், தலையிடி, தூக்கமின்மை. இரண்டு முதல் நாலு கிழமையில் பெரும்பாலும் அடங்கும்.

பலர் சறுக்குவது “ஞாயிறு மட்டும் ஒரு வாய்” என்ற இடத்தில். எப்போதாவது கிடைக்கும் பரிசை மூளை லேசில் கைவிடாது. தினமும் கிடைத்ததைவிட மறக்க நாள் பிடிக்கும். பழைய இணைப்பும் அழிந்துபோவதில்லை, அடங்கித்தான் கிடக்கிறது. கலியாண வீட்டில் தட்டு நீட்டினால் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

தனியே முடியாவிட்டால் இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். வாயில் வெள்ளைத் தடிப்போ புண்ணோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், வாய் முன்போல் அகலத் திறக்காவிட்டாலும், ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் உடனே காட்டுங்கள்.