புளோரிடாவிலிருந்து ரொறன்ரோவுக்குத் தனியே வாகனம் ஓட்டித் திரும்புதல்: முதன்முறை புறப்படுவோருக்கான செய்முறை

குளிர்காலத்தைப் புளோரிடாவில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஒன்ராறியோவுக்குத் திரும்புகிறவர்களைக் கனடாவில் பனிப்பறவைகள் என்கிறோம். பெரும்பாலானோர் இருவராகப் போய் இருவராகத் திரும்புகிறார்கள். ஆனால் துணையை இழந்தவர்களும், துணைவர் முன்கூட்டியே விமானத்தில் ஊர் திரும்பிவிட, வாகனத்தைத் தாமே கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். என் கணவர் மறைந்த பின்னர் மூன்று முறை இந்தப் பயணத்தை நான் தனியே செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, முதன்முறை புறப்படுகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

இருவர் பயணம் செய்யும்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் வரைபடம் பார்ப்பார், விடுதி தேடுவார், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்வார். தனியே ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டாம் குரல் இல்லை. களைப்போடு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதுமில்லை. ஆகவே வழியில் எடுக்க வேண்டிய முடிவுகளை, புறப்படுவதற்கு முன்னரே, வீட்டு மேசையில் அமர்ந்து எடுத்து முடித்துவிட வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இதற்காகத்தான்.

படி 1: நாட்களை எண்ணிப் புறப்படும் தேதியைக் குறித்தல்

மூன்று கணக்குகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவக் காப்பைத் தக்கவைப்பதற்கு எந்த 12 மாதக் காலப்பகுதியிலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். அமெரிக்க வருமான வரித்துறை வேறு விதமாக எண்ணுகிறது: இந்த ஆண்டின் நாட்கள் முழுமையாகவும், சென்ற ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183ஐத் தொட்டால், கனடாவோடுதான் உங்களுக்கு நெருங்கிய தொடர்பு என்பதைக் காட்டும் 8840ஆம் இலக்கப் படிவத்தை அனுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் 120 நாட்களுக்கு மேற்படாமல் இருந்தால் கூட்டுத்தொகை 180 ஆகும். அந்த எல்லையைத் தொடாது. எல்லை கடக்கும் நாளும் ஒரு நாளாகவே எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது கணக்கு பயணக் காப்புறுதி. முதன்முறை செல்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளோடு காப்புறுதியையும் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன் பின்னரும் நான்கு நாட்கள் அமெரிக்க மண்ணில்தான் இருப்பீர்கள். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவில் ஓஹிப் தருவது மிகச் சிறு பகுதியே. எனவே வீடு சேரத் திட்டமிட்ட நாளுக்கு அப்பால் குறைந்தது மூன்று நாட்களையாவது சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பருவநிலையைப் பொறுத்தவரை, ஏப்ரலின் இரண்டாம், மூன்றாம் கிழமைகளே எனக்கு உகந்தவையாகத் தெரிகின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் ஒஹாயோவிலும் ஒன்ராறியோவிலும் இன்னும் பனி பெய்யலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை புளோரிடா நெடுஞ்சாலைகளில் 'லவ்பக்' என்னும் கருநிறப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறந்து கண்ணாடியை மறைத்து, காய்ந்தால் வண்ணப்பூச்சையும் கெடுக்கும்.

படி 2: வாகனத்தைக் குளிருக்குத் திருப்புதல்

புறப்படுவதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே வாகனத்தைக் கராஜில் காட்டுங்கள். முந்திய நாள் காட்டினால் ஒரு பாகம் வருவதற்காகப் பயணம் தள்ளிப்போகும். எண்ணெய், பிரேக், ரயர் ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலரும் பார்க்காத மூன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணாடி கழுவும் திரவம். புளோரிடாவில் விற்கப்படும் திரவங்களில் பல, பூச்சிக் கறையை நீக்குவதற்காகச் செய்யப்பட்டவை, குளிரில் உறைந்துவிடும். எனது முதற் தனிப்பயணத்தில், கென்ரக்கியின் வடபகுதியில் ஈரப்பனி பெய்த காலையொன்றில், முன்னே சென்ற லொறி எறிந்த சேறு கண்ணாடியை மூடியபோது திரவம் வரவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் அடுத்த வழியான எக்சிட் வரை ஓரத்துத் தடத்தில் மெதுவாக ஊர்ந்து சென்ற அந்தச் சில நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. கனடாவிலிருந்து போகும்போதே உறையாத நீலத் திரவம் ஒரு போத்தல் கொண்டுபோய் வையுங்கள். புறப்படும் முன் பழையதைத் தெளித்துத் தீர்த்துவிட்டுப் புதியதை ஊற்றி, குழாய்களிலும் அதுவே நிறையும் வரை சில தடவைகள் தெளித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ரயர் அழுத்தம். வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் குறையும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறைகிறது. போர்ட் மயர்ஸின் 29 பாகை வெயிலில் சரிபார்த்த ரயர், ரொலிடோவின் உறைநிலைக்கு அண்மையான விடியற்காலையில் நான்கு, ஐந்து பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ரயரில் ஓட்டை என்று பதற வேண்டாம். நான்காம், ஐந்தாம் நாட் காலைகளில், ஓடத் தொடங்குமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து காற்று நிரப்புங்கள்.

மூன்றாவது, பற்றரி. வெப்பம் பற்றரியை உள்ளுக்குள்ளேயே பலவீனமாக்கும், ஆனால் அதை வெளிப்படுத்துவது குளிர்தான். புளோரிடாவில் ஒரே தட்டில் கிளம்பும் வாகனம் வடக்கே ஒரு காலையில் கிளம்ப மறுக்கலாம். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கனடாவின் வாகன ஓட்டுநர் சங்கமான சி.ஏ.ஏ.யின் அங்கத்துவம் உங்களிடம் இருந்தால், அமெரிக்காவில் அதே போன்ற சங்கமான ஏ.ஏ.ஏ. மூலம் வீதியோர உதவி கிடைக்கும். அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புளோரிடாவில் புதிய ரயர் போட்டாலோ வேறு திருத்த வேலை செய்தாலோ பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எல்லையில் அதையும் அறிவிக்க வேண்டும்.

படி 3: ஐந்து நாட்களாகப் பிரித்தல்

போர்ட் மயர்ஸிலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். ஐ-75 நெடுஞ்சாலையிலேயே டிட்ரொயிட் வரை சென்று, எல்லைக்கு அப்பால் வின்ட்சரில் ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் ஏறினால் போதும். மூன்று நாட்களில் ஓட்டி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். தனியே ஓட்டுகிற, அறுபதைக் கடந்த எவருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலை நான்கு மணிக்கு முன் விடுதிக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு நாட்களைப் பிரியுங்கள்.

முதல் நாள் ஜோர்ஜியாவின் வால்டொஸ்ரா வரை, சுமார் 565 கி.மீ. நிலம் சமதளம், உடலிலும் புத்துணர்ச்சி இருக்கும். ஆகவே நீண்ட நாளை முதலிலேயே வைப்பது நல்லது.

இரண்டாம் நாள் சற்றனூகா வரை, சுமார் 550 கி.மீ. இந்த நாளின் சிக்கல் அட்லான்ராதான். வால்டொஸ்ராவிலிருந்து அது 370 கி.மீ. என்பதால், காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பதினொரு மணியளவில், காலை நெரிசல் ஓய்ந்த பின்னர், நகருக்குள் நுழைவீர்கள். மேக்கனில் ஐ-475 புறவழியை எடுத்தால் அந்த நகரைத் தொடாமலே போகலாம். அட்லான்ராவின் நடுவே ஐ-75உம் ஐ-85உம் ஒன்றாக இணைந்து ஓடிப் பின்னர் பிரிகின்றன. இடது ஓரத்தில் வைரக்குறி இட்ட தடம் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பயணிக்கும் வாகனங்களுக்கானது. அது வெறுமையாக இருந்தாலும் தனியே செல்லும் நீங்கள் அதில் ஏறக் கூடாது. நடுத்தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வடக்குநோக்கிய ஐ-75 பலகையை மட்டும் பின்தொடருங்கள்.

மூன்றாம் நாள் லெக்சிங்டன் வரை, சுமார் 435 கி.மீ. தூரம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சற்றனூகாவிலிருந்து வடகிழக்கே கல்ஹூன் என்னும் ஊருக்கருகே, ஹைவாசி ஆற்றுப் பள்ளத்தில், 1990 டிசம்பர் 11ஆம் தேதி காலை கடும் மூடுபனியில் 99 வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி 12 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அங்கே பனிமூட்டத்தை அறிந்து வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகள் அமைக்கப்பட்டன. அந்தப் பலகைகள் ஒளிர்ந்தால் அவற்றின் சொல்லைக் கேளுங்கள். அதைவிட, இந்த ஒரு காலையில் மட்டும் சூரியன் நன்றாக ஏறிய பின்னர், ஒன்பது மணிக்குப் புறப்படுங்கள். நொக்ஸ்வில்லை நெருங்கும்போது ஐ-40 வந்து ஐ-75உடன் சேரும். நகரைச் சுற்றும் ஐ-640 வழியாக ஐ-75 வடக்கே திரும்புகிறது. கவனியாமல் நேரே சென்றால் கிழக்கே போய்விடுவீர்கள். பின்னர் ஜெலிக்கோ மலைப்பகுதி. நீண்ட இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், கியரைக் குறைத்து இறங்குங்கள்.

நான்காம் நாள் சின்சினாட்டி வழியாக ரொலிடோ வரை, 470 கி.மீ. ஒஹாயோ ஆற்றுக்கு மேலுள்ள பாலத்தில் ஐ-71உம் சேர்வதால் நெரிசல் மிகுதி. காலை பத்து மணிக்குப் பிறகு கடப்பதாகத் திட்டமிடுங்கள், அல்லது ஐ-275 சுற்றுவழியில் செல்லுங்கள்.

ஐந்தாம் நாள் எல்லை கடந்து வீடு.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாளில் எக்சிட் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புளோரிடாவுக்கு வடக்கே இந்த வழியிலுள்ள மாநிலங்களில் எக்சிட் எண் என்பது பெரும்பாலும் அந்த மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து எத்தனையாவது மைல் என்பதைக் காட்டுகிறது. ஜோர்ஜியாவில் 62ஆம் எக்சிட்டைக் கண்டால், புளோரிடா எல்லையிலிருந்து 62 மைல் வந்துவிட்டீர்கள் என்று பொருள். கைப்பேசி வழிகாட்டி நின்றுபோனாலும் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். ஜோர்ஜியா, டெனசி, ஒஹாயோ, மிச்சிகன் ஆகிய மாநிலங்களில் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பதே குற்றம் என்பதால், இந்தத் தாள் வேறு வகையிலும் உதவும்.

படி 4: சுழற்காற்றுக் காலத்துக்கு ஆயத்தம்

ஏப்ரலில் ஜோர்ஜியா, டெனசிப் பகுதிகளில் டொர்னாடோ என்னும் சுழற்காற்று உருவாகும். 'வாச்' என்றால் உருவாகக்கூடிய நிலை இருக்கிறது என்றும், 'வோர்னிங்' என்றால் உருவாகிவிட்டது அல்லது ராடரில் தென்பட்டது என்றும் பொருள். வானொலியில் அறிவிப்பு வரும்போது நகரின் பெயரைவிட, கவுண்டி எனப்படும் மாநில உட்பிரிவின் பெயரையே சொல்வார்கள். வழிப்போக்கருக்குத் தாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்பது தெரிவதில்லை. ஆகவே எக்சிட் தாளிலேயே கவுண்டிகளையும் வரிசையாக எழுதுங்கள்: தெற்கு ஜோர்ஜியாவில் லவுண்ட்ஸ், குக், ரிஃப்ட், ரேணர், கிறிஸ்ப் என்று அவை வரும். நீங்கள் இருக்கும் கவுண்டிக்கு வோர்னிங் வந்தால், அடுத்த எக்சிட்டில் இறங்கி உறுதியான கட்டடம் ஒன்றினுள், கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது பாதுகாப்பன்று. அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகம் கொள்ளும்.

முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் ஒரு நாள் தங்கிவிடுங்கள். இதற்காகவே விடுதிகளை முன்பதிவு செய்யும்போது, அன்று மாலைக்குள் கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். சில டொலர்கள் கூடினாலும் பரவாயில்லை.

படி 5: வீட்டில் ஒருவரைக் காவலுக்கு வைத்தல்

பிள்ளைகளில் ஒருவரையோ நெருங்கிய நண்பரையோ இதற்கெனக் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும்போது ஒரு செய்தி, விடுதிக்குள் நுழைந்ததும் ஓர் அழைப்பு. கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்வதும் நல்லது. ஆனால் அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் இந்த ஏற்பாட்டால் பயனில்லை. எங்கள் வீட்டு ஒழுங்கு இது: மாலை ஏழு மணி வரை நான் அழைக்காவிட்டால் மகள் என்னை அழைப்பாள், நான் எடுக்காவிட்டால் விடுதியை அழைப்பாள், அங்கும் நான் வந்து சேரவில்லையென்றால் அந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைப் பொலிசை அழைப்பாள். வாகன இலக்கம், நிறம், அன்றைய வழி, விடுதித் தொலைபேசி எண் ஆகியன அவளிடம் எழுத்தில் இருக்கும். உங்கள் மருந்துகளின் பட்டியலும் ஒவ்வாமை விபரமும் எழுதிய அட்டையொன்று பணப்பையில் இருக்கட்டும்; மருந்துகள் மருந்தகம் தந்த போத்தலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடவுங்கள். பிற்பகல் இரண்டு மணியளவில் கண் செருகினால், ஓய்விடத்தில் நிறுத்திக் கதவைப் பூட்டி, தேநீரோ கோப்பியோ குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். குடித்தது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழிப்பீர்கள். பாட்டை உரக்க வைப்பதோ சன்னலைத் திறப்பதோ தூக்கத்தை நிறுத்தாது.

படி 6: எல்லையும் கடைசி நாளும்

ரொலிடோவில் எரிபொருளை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள். ஒன்ராறியோவில் விலை பெரும்பாலும் அதிகம். வார நாள் ஒன்றின் முற்பகலில் அம்பாசடர் பாலத்தை அடைந்தால் காத்திருப்பு பெரும்பாலும் குறைவாக இருக்கும். கனடிய எல்லைச் சேவை காத்திருப்பு நேரத்தை இணையத்தில் வெளியிடுகிறது. நீளமாக இருந்தால் நகரச் சுரங்கப்பாதை வழியாக வின்ட்சரிலோ, போர்ட் ஹியூரனுக்குச் சென்று புளூ வோட்டர் பாலம் வழியாகச் சார்னியாவிலோ நுழையலாம்.

48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர் 800 கனடிய டொலர் பெறுமதியான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். மதுவில் 1.5 லீற்றர் வைன், அல்லது 1.14 லீற்றர் சாராயவகை, அல்லது 8.5 லீற்றர் பியர். வாங்கியவற்றைக் குளிர்காலம் முழுவதும் ஒரே கொப்பியில் எழுதிவந்தால், அதிகாரி கேட்கும்போது தொகையைத் தடுமாறாமல் சொல்லலாம். பழங்கள், செடிகள், இறைச்சி என எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விறகு கொண்டுவர வேண்டாம். 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ பணமாக இருந்தால் அறிவிப்பது கட்டாயம்.

தனியே பயணிக்கும் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புளோரிடாவில் கடையில் வாங்கித் திறப்புக்கோர்வையில் மாட்டியிருக்கும் மிளகுத் தெளிப்பான் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். பாதுகாப்புக்காக வைத்திருந்தேன் என்பது எல்லையில் விளக்கமாக ஏற்கப்படாது. புளோரிடாவிலேயே அதை விட்டுவிட்டு வாருங்கள்.

பாலத்தைத் தாண்டி ஹியூரன் சேர்ச் வீதி வழியே 401இல் ஏறியதும், வேகம் மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாறியிருப்பதைப் பலகையைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி 370 கி.மீ. உண்டு. வீடு அருகில் என்ற எண்ணத்தில் நிறுத்தாமல் ஓட்டுவது இந்தப் பகுதியில்தான் நடக்கிறது. ஆகவே டில்பரியிலுள்ள ஓன்ரூட் என்னும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கட்டாயம் இறங்குங்கள். எல்லையைக் கடந்த தேதியை அங்கேயே கொப்பியில் எழுதி, அன்று காலை ரொலிடோவில் எரிபொருளுக்குப் பெற்ற பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கான நாட்களை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்குவீர்கள்.