உங்கள் தெருவை நாடகமாக எழுதுவது எப்படி: ஆகஸ்ட் வில்சன் காட்டும் வழி

வேலூர் பாபுராவ் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருவது என் வேலை. ஓய்வு நேரத்தில் சத்துவாச்சாரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்து நாடகம் போடுகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கதைக்கு எங்கே போறது?" எங்கேயும் போக வேண்டாம். ஆகஸ்ட் வில்சன் என்ற அமெரிக்க நாடகாசிரியர் பத்து நாடகங்கள் கொண்ட ஒரு தொகுதி எழுதினார், அதில் ஒன்பது அவர் பிறந்து வளர்ந்த ஒரே பேட்டையில் நடக்கின்றன. அவரைப் படித்து நாமும் எழுதும் வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1945இல் பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்டில் பிறந்தவர். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. அம்மா டெய்சி வில்சன் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். நெப்போலியனைப் பற்றி வில்சன் எழுதிய கட்டுரையை அவரே எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் சந்தேகப்பட்டார். பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டு வெளியேறினான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பொது நூலகத்தில். 1965இல் 20 டாலருக்கு ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கினார். பட்டம் இல்லையே என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நான் இரண்டு முறை சொல்வேன்.

சரி, எதை முதலில் படிப்பது? 'ஃபென்சஸ்' நாடகத்தில் தொடங்குங்கள். குப்பை அள்ளும் வேலை பார்க்கிற டிராய் மேக்ஸன், இளமையில் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர். நிறவெறி அவரைப் பெரிய லீக்கில் சேரவிடவில்லை. தனக்கு நேர்ந்தது மகனுக்கும் நேரும் என்ற பயத்தில் அவன் விளையாடப் போவதைத் தடுக்கிறார். எங்கள் ஊர் அப்பாக்கள் எத்தனையோ பேர் அதில் தெரிவார்கள். 1987இல் அமெரிக்காவின் பெரிய இலக்கிய விருதான புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். டென்சல் வாஷிங்டன் 2016இல் படமாக எடுத்ததையும் பாருங்கள், ஆனால் நாடகத்தைப் படித்த பிறகு.

அடுத்து 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்'. எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். 1911இல் ஒரு தங்கும் விடுதியில் நடக்கிறது. ஏழு வருடம் பிடித்து வைத்து வேலை வாங்கப்பட்ட ஹெரால்ட் லூமிஸ், சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, காணாமல் போன மனைவியைத் தேடி வருகிறார். சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து எங்கள் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களைப் பார்க்கிற எனக்கு, விடுதி என்றால் எவ்வளவு பெரிய மேடை என்பதைக் காட்டிய நாடகம் அது. மூன்றாவது 'ஜிட்னி'. சாதாரண டாக்சிகள் ஹில் பகுதிக்கு வர மறுத்ததால், உரிமம் இல்லாத கார்களை ஓட்டியவர்களின் கதை. அவர்கள் உட்காரும் அறையே இடிபடப் போகிறது. காட்பாடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றவர்களுக்கு அந்தப் பேச்சின் தாளம் உடனே பிடிபடும்.

பத்து நாடகங்களும் இருபதாம் நூற்றாண்டின் பத்துப் பத்தாண்டுகளுக்கு ஒன்று வீதம். ஆனால் அந்த வரிசையில் அவர் எழுதவில்லை. 1904இல் நடக்கும் 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' கடைசிக்கு முந்தியது. செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை இரவு இரவாகப் பார்த்தவர்கள் இந்த அமைப்பைப் புரிந்துகொள்வார்கள்: ஒவ்வோர் இரவும் தனிக் கதை, எல்லாம் சேர்ந்து ஒரே குலத்தின் கதை. எஸ்டர் அத்தை என்ற கிழவியின் பெயர் பல நாடகங்களில் வரும். வயது நூற்றுக்கணக்கில். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவு முழுக்க அவளிடம் இருக்கிறது.

இனி எழுதும் வேலை. வில்சன் இளம் வயதில் ஒரு சுருட்டுக் கடையில் பெரியவர்கள் பேசுவதை நின்று கேட்பார். நீங்களும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டேரி டீக்கடை, பீடி சுற்றும் திண்ணை, சலூன், எதுவானாலும் சரி. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். போனில் ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். அது திருட்டு. கேட்டுவிட்டு வந்து, நினைவில் நிற்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். மறந்துபோவது நாடகத்துக்கு வேண்டாததாகவே பெரும்பாலும் இருக்கும். என்னைப் போல லாட்ஜில் கேட்கிறவர்கள், நோயாளியின் நோயையும் பெயரையும் ஒருபோதும் எடுக்காதீர்கள். அவர் மருமகனிடம் போனில் பேசும்போது எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதை எடுங்கள்.

பேச்சைத் திருத்தாதீர்கள். வில்சன் தொடக்கத்தில் தன் மக்களின் பேச்சைக் கவித்துவமாக மாற்ற முயன்றார், அது மேடையில் உயிரில்லாமல் கிடந்தது. 1978இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துக்குக் குடிபோன பிறகுதான் பழைய ஊரின் குரல்கள் தெளிவாகக் கேட்டன என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் பாத்திரம் "இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள். சினிமாக் காமெடிக்காக அந்தப் பேச்சைக் கோணலாக்குவது எனக்குக் கோபம் வரும் விஷயம். அந்தப் பேச்சில் அழவும் முடியும், சண்டை போடவும் முடியும், கடவுளைக் கூப்பிடவும் முடியும்.

கதைச் சுருக்கத்தை முதலில் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். ஒருவர் ஒரு வரி பேசட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். வில்சன் ஓட்டல் மேசைகளில் உட்கார்ந்து கையால் எழுதியவர், துடைக்கும் காகிதத்தில்கூட எழுதியிருக்கிறார். இருபது பக்கம் சேர்ந்த பிறகு, இவர்களில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கதை அங்கேயிருந்து வரும்.

அப்புறம் கடினமான வாசகர் ஒருவரைத் தேடுங்கள். புதிய நாடகங்களைத் தேர்ந்து வளர்க்கும் அமெரிக்க அமைப்பான ஓநீல் மையத்தின் நாடகாசிரியர் மாநாட்டுக்கு வில்சன் அனுப்பிய நாடகங்கள் பல முறை திரும்பி வந்தன. 1982இல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' தேர்வானது. அங்கே இருந்த இயக்குநர் லாய்டு ரிச்சர்ட்ஸ் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அவருடைய முதல் ஆறு நாடகங்களை இயக்கினார். உங்கள் வாசகர் நண்பராக இருக்க வேண்டும் என்பதில்லை, நாடகம் தெரிந்தவராக இருந்தால் போதும். கையெழுத்துப் பிரதியை நீட்டாதீர்கள். நடிகர்களை வட்டமாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, அவரைக் கேட்க வையுங்கள். அவர் நெளிகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.

வில்சனின் நாடகங்கள் நேராக பிராட்வேக்குப் போகவில்லை. யேல் பல்கலைக்கழக அரங்கு, பாஸ்டன், சிகாகோ என்று ஊர் ஊராக நடந்து, ஒவ்வோர் ஊரிலும் திருத்தப்பட்டன. நாமும் சென்னை சபாவைக் குறிவைத்துத் தொடங்க வேண்டாம். குடியாத்தம், ஆரணி, ராணிப்பேட்டை என்று போடுங்கள். மேடை வேண்டாம், பள்ளி வராண்டா போதும். வெயில் தாழ்ந்து ஏழு மணிக்கு மேல் தொடங்குங்கள், ஏப்ரல், மே பகலில் இங்கே யாரும் உட்கார மாட்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு, கூட்டம் எங்கே பேசத் தொடங்கியது என்று எழுதி வைத்து, அடுத்த ஊருக்குப் போவதற்குள் அந்தக் காட்சியை வெட்டுங்கள்.