புத்தோரானா: தட்டையும் இல்லை, பத்திரமும் இல்லை

பீடபூமி என்றதும் பள்ளிக்கூடத்துப் படம்தான் நினைவுக்கு வரும்: மேஜை போட்ட மாதிரி ஒரு மேட்டு நிலம். சைபீரியாவின் வடகோடியில், யெனிசேய் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் புத்தோரானாவை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதைப் பற்றிப் பலரும் செய்யும் தவறுகளில் இது முதலாவது. உச்சிகள் தட்டைதான். ஆனால் உச்சிக்கு உச்சி நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள், அவற்றின் அடியில் லாமா, கேத்தா போல நீண்டு ஒடுங்கிய ஏரிகள். மலைச்சரிவு படிப்படியாக இறங்கும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. இத்தகைய பாறையை ‘ட்ராப்’ என்பார்கள். படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். மும்பையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போனவர்கள் இதே படிக்கட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கேயும் எரிமலைக் குழம்புதான், வயது மட்டும் குறைவு.

அப்புறம் இன்னொரு தவறு, ‘வெறும் பனிப்பாலை’ என்று எழுதிவிடுவது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியும் பள்ளத்தாக்குகளில் லார்ச் எனும் ஊசியிலை மரக் காடு நிற்கிறது. ஏற ஏற மரம் குட்டையாகிப் புதராகும்; உச்சியில் பாசியும் கல்லும்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ‘மனிதன் போகாத இடம், அதனால் பத்திரம்’ என்ற நம்பிக்கை. பீடபூமியின் மேற்கு விளிம்பை ஒட்டியே நிக்கல் உருக்கும் நோரில்ஸ்க் நகரம் இருக்கிறது. அதன் கந்தகப் புகை சுற்றுவட்டார லார்ச் காடுகளைக் கருக்கியிருக்கிறது. 2020 மே மாதம் அங்கே ஒரு தொட்டி உடைந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியதையும் மறக்க முடியாது.

சரி, சரணாலயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது: 1988-இல் அமைத்தார்கள், 2010-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு கிட்டத்தட்ட 18,900 சதுர கிலோமீட்டர். மொத்தப் பீடபூமியில் இது பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே சரணாலயமும் பீடபூமியும் ஒன்று என்று எழுதக் கூடாது.

இந்த எல்லைக்கோடு எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. தன் இனத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தனியே வாழும் புத்தோரானா பனிச்செம்மறி, பாறைச் சரிவை விட்டு அதிகம் நகராது. அதற்குக் கோடு ஓரளவு உதவும். ரெயின்டீர் எனும் பனிமான் அப்படியில்லை. கோடையில் வடக்கே உள்ள தைமிர் சமவெளி, குளிரில் தெற்குக் காடு. புத்தோரானா அதற்கு நடுவழி. 2000-ஐ ஒட்டி பத்து லட்சம் இருந்த தைமிர் மந்தை இன்று பாதிக்கும் கீழே.

‘கொம்புதானே, அறுத்தால் மறுபடி முளைக்கும், மானுக்கு ஒன்றும் ஆகாது’ என்பதும் தவறு. கோடையில் வளரும் கொம்பு, ரத்தம் ஓடும் மென்தோல் மூடிய உயிருள்ள உறுப்பு. பனிமானில் பெண்ணுக்கும் அது உண்டு. மருந்துச் சந்தைக்காகக் கள்ள வேட்டைக்காரர்கள் ஆற்றில் நீந்தும் மானை மோட்டார் படகில் துரத்திப் பிடித்து, தண்ணீரிலேயே வைத்துக் கொம்பை அறுத்துக்கொண்டு மானை விட்டுவிடுகிறார்கள். அது ரத்தம் ஒழுக ஒழுகத்தான் கரையேறும்.